97 சதவீத அகவிலைப்படி

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி கணினிப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு மூன்றாவது செமஸ்டரில் ஒரு பாடம் உண்டு. ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் என்று பெயர். நம் அரசுப் பாடநூல் அதைத் தமிழில் ‘பொருள்நோக்கு நிரலாக்கம்’ என்கிறது. அதோடு சேர்ந்த ஆய்வகத்தில் மூன்றாவது பயிற்சி, சம்பளப் பட்டியல் போடுவது. முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போட்டவன் என்கிற ஒரே தகுதியில் அந்தப் பயிற்சியைப் பற்றியும், அதைப் பெற்றெடுத்த பாடத்திட்டத்தைப் பற்றியும் எழுதப் போகிறேன். ‘குமாஸ்தாவுக்குக் கணினியில் என்ன வேலை’ என்று கேட்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டுக் கேட்கட்டும்.

முதலில் பயிற்சி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ‘எம்ப்ளாயி’ என்று ஒரு கிளாஸ் எழுத வேண்டும். பெயர், ஊழியர் எண், முகவரி, மின்னஞ்சல், கைபேசி எண் எல்லாம் அதில் இருக்கும். அதிலிருந்து புரோகிராமர், உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று நான்கு கிளாஸ்கள் கிளைக்க வேண்டும். அந்த நான்கிலும் அடிப்படைச் சம்பளத்தைச் சேர்க்க வேண்டும். அடிப்படைச் சம்பளத்தில் 97 சதவீதம் அகவிலைப்படி, 10 சதவீதம் வீட்டு வாடகைப்படி, 12 சதவீதம் வருங்கால வைப்பு நிதி, 0.1 சதவீதம் ஊழியர் மன்ற நிதி. மொத்தச் சம்பளம், கைக்கு வரும் சம்பளம் இரண்டையும் காட்டிச் சம்பளச் சீட்டு அச்சிட வேண்டும். ஐம்பதாயிரம் அடிப்படைச் சம்பளம் என்றால் படிகள் சேர்த்து 1,03,500, பிடித்தம் போகக் கையில் 97,450. கணக்கு சரிதான்.

கிளாஸ் என்றால் என்ன என்று நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம். அச்சடித்த வெற்றுப் படிவம் கிளாஸ். அதில் ஒருவருடைய பெயரும் விவரமும் எழுதிப் பூர்த்தி செய்தால் அது ஆப்ஜெக்ட். ஒரு வித்தியாசம் உண்டு. இந்தப் படிவம் சும்மா கிடக்காது. ‘உன் சம்பளம் எவ்வளவு’ என்று கேட்டால் தானே கணக்குப் போட்டுச் சொல்லும்.

இனி வழக்குக்கு வருகிறேன். 2017 ஒழுங்குமுறையிலும் இதே பயிற்சி இருந்தது. அதிலும் 97 சதவீதம்தான். 2021-இல் பாடத்திட்டத்தைப் புதுப்பித்தார்கள், ஆய்வகப் பயிற்சிகளில் சிலவற்றை எடுத்தார்கள், சிலவற்றைச் சேர்த்தார்கள். அகவிலைப்படியை மட்டும் யாரும் தொடவில்லை. ஜனவரிக்கும் ஜூலைக்கும் வாயைப் பிளந்து காத்திருந்து வயதான நமக்கு, இத்தனை வருடம் அகவிலைப்படி அசையாத அலுவலகம் இந்த ஒன்றுதான்.

இது சும்மா உதாரணம்தானே, எண் எதுவானால் என்ன என்பார்கள். எண் எதுவாகவும் இருக்கட்டும். அது மாறவே மாறாது என்பதுதான் என் புகார். கொரோனா காலத்தில் நம் மாநிலத்தில் அகவிலைப்படி 17 சதவீதத்தில் உறைந்து கிடந்து, 2022 ஜனவரியில் ஒரே தாவலில் 31 ஆனது நினைவிருக்கும். அப்படி ஒரு அரசாணை இந்தப் பயிற்சியை எழுதிய பிள்ளையின் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? நான்கு கிளாஸ்களில் நான்கு இடத்தில் 97 என்று எழுதியிருக்கிறாள். நான்கு இடத்திலும் தேடித் தேடித் திருத்த வேண்டும். மூன்றைத் திருத்தி ஒன்றை விட்டால் புரோகிராமருக்கு மட்டும் பழைய படி போகும். இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான் இந்த முறையையே கண்டுபிடித்தார்கள். பொதுவானதை ஓரிடத்தில் வை, மாறும்போது ஓரிடத்தில் மாற்று. அதைக் கற்பிக்க வந்த பயிற்சி, எல்லா ஊழியருக்கும் பொதுவான அடிப்படைச் சம்பளத்தைத் தாய்க் கிளாஸில் வைக்கச் சொல்லாமல், நான்கு பிள்ளைகளிலும் தனித்தனியாகச் சேர்க்கச் சொல்கிறது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். நான்கு பக்கம், முத்து முத்தான கையெழுத்து. நான்கு பக்கத்திலும் பதவியின் பெயரைத் தவிர எல்லாம் ஒன்று. “மக்களே, இந்த நாலு பேருக்கும் சம்பளக் கணக்கில் என்ன வித்தியாசம்?” என்றேன். யோசித்தாள். “ஒண்ணும் இல்ல தாத்தா. பேருதான் வேற” என்றாள். பெயர் மட்டும்தான் வேறு என்றால் எதற்கு நான்கு கிளாஸ்? பதவி என்று ஒரு கட்டம் போட்டு அதில் பெயரை எழுதினால் தீர்ந்தது. எந்த அலுவலகத்திலாவது இளநிலை உதவியாளருக்கு ஒரு வடிவத்திலும் உதவியாளருக்கு வேறு வடிவத்திலும் பணிப்பதிவேடு அச்சடித்தது உண்டா?

பணிப்பதிவேடு என்றதும் அடுத்த கேள்வி வருகிறது. பதவி உயர்வு. உதவிப் பேராசிரியர் ஒருநாள் இணைப் பேராசிரியர் ஆவார் அல்லவா? ஜாவாவில் ஒரு ஆப்ஜெக்ட் எந்தக் கிளாஸில் பிறந்ததோ அதே கிளாஸில்தான் சாக வேண்டும், நடுவில் மாற முடியாது. ஆகவே பதவி உயர்வு பெற்றவரைக் கணக்கில் ஒழித்துவிட்டு, அதே பெயர், அதே முகவரியோடு புது ஆளாகப் பிறப்பிக்க வேண்டும். அவருடைய விடுப்புக் கணக்கு, ஊதிய உயர்வு, பழைய நிலுவை எல்லாவற்றையும் பழைய உடம்பிலிருந்து புது உடம்புக்கு நகலெடுக்க வேண்டும். நம் அலுவலகங்களில் ஆள் ஒருவர், பணிப்பதிவேடு ஒன்று. பதவி அதற்குள் ஒரு பதிவு. பதவி உயர்ந்தால் ஒரு வரி சேரும், மேலதிகாரி ஒப்பமிடுவார், அவ்வளவுதான். ஒருவர் தன் வேலையோடு இன்னொரு இருக்கையைக் கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பதும் உண்டு. அந்த நான்கு கிளாஸில் அவரை எதில் உட்கார வைப்பது?

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ‘ஓர் ஆள் இன்னதாக இருக்கிறார்’ என்பதையும் ‘ஓர் ஆளிடம் இன்னது இருக்கிறது’ என்பதையும் பிரித்துப் பார் என்பது இந்தத் துறையின் நல்ல நூல்கள் எல்லாம் சொல்லும் பாலபாடம். பேராசிரியர் பதவி ஒருவரிடம் இருப்பது. அவர் பிறவியிலேயே பேராசிரியர் இல்லை. வாத்தியார்கள் தங்கள் பதவி உயர்வை வைத்தே எழுதிய பயிற்சியில் இந்த ஒன்றைத் தவறவிட்டது எனக்கு வியப்பாக இருக்கிறது.

கிளாஸிலிருந்து கிளாஸ் கிளைப்பதற்கு ஆங்கிலத்தில் இன்ஹெரிட்டன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பாடநூல் ‘மரபுரிமம்’ என்கிறது. நாஞ்சில் நாட்டுக்காரனிடம் போய் மரபுரிமம் என்றால் அவன் மனம் எங்கே போகும்? வயலுக்கும் தோப்புக்கும் போகும். மருமக்கள் வழியில் மாமன் சொத்து மருமகனுக்குப் போன ஊர் இது. அதைக் கிண்டல் செய்து கவிமணி ஒரு மான்மியமே பாடி வைத்தார். 1926-இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் அந்த முறைக்கு முடிவு வந்தது. சொத்துரிமையில் அப்பனிடமிருந்து பிள்ளைக்கோ, மாமனிடமிருந்து மருமகனுக்கோ பொருள் கைமாறும். கணினியில் அப்படி எதுவும் கைமாறுவதில்லை. தாய்க் கிளாஸ் எதையும் இழப்பதில்லை. பாகப்பிரிவினை இல்லை, வழக்கு இல்லை. ‘தென்னை ஒரு மரம்’ என்று சொல்வது போல வகையும் உள்வகையும்தான் அது. இந்த விஷயத்தை முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொன்னால் ஒரு வாரக் குழப்பம் மிச்சம். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு ‘வரையறு’ என்று கேட்கிறார்கள், அவர்களும் வரையறுக்கிறார்கள்.

பாடத்திட்டம் முழுவதுமே இந்த மாதிரிதான் போகிறது. வாரம் 3 மணி நேர வகுப்பு, செமஸ்டருக்கு 45. அதை ஐந்து அலகாகப் பிரித்து, அலகுக்கு ஒன்பது மணி. சொத்தைச் சண்டை வராமல் பிரித்த மாதிரி இருக்கிறது. முதல் அலகில் இந்த முறையின் அறிமுகமும் ஜாவா மொழியும். இரண்டாவதில் கிளாஸ் கிளைப்பது. மூன்றாவதில் பிழை கையாளுதலும், ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓடவிடும் மல்டி திரெடிங்கும். நான்காவதில் கோப்பு, எழுத்துச் சரங்கள், ஜெனரிக்ஸ். ஐந்தாவதில் ஜாவாஎஃப்எக்ஸ், அதாவது திரையில் பொத்தானும் பெட்டியும் வரைவது. பாடத்தின் உயிர் முதல் இரண்டு அலகில் இருக்கிறது. மற்ற 27 மணி நேரமும் பெரும்பாலும் ஜாவா என்ற ஒரு மொழியின் தட்டுமுட்டுச் சாமான்கள். அந்த ஜாவாஎஃப்எக்ஸை 2018-இல் வந்த பதினொன்றாம் பதிப்பிலேயே ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பிலிருந்து கழற்றித் தனியாக்கி விட்டார்கள். மூன்று வருடம் கழித்து வந்த நம் பாடத்திட்டத்தில் அதற்கு முழுதாக ஓர் அலகு.

பிழை கையாளுதலை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அது வேண்டும். கருவூலத்திலிருந்து பட்டியல் ஆட்சேபணையோடு திரும்பி வந்தால் என்ன செய்வது என்று தெரியாதவன் பட்டியல் எழுதவே கூடாது.

பிள்ளைகளுக்கு எது கிடைக்கவில்லை என்று நான் நினைக்கிறேன் என்றால், ஒரே ஒரு விஷயம். ஆய்வகத்தில் ஒவ்வொரு வாரமும் புது நிரல். எழுதுகிறார்கள், ஓடுகிறது, வாத்தியார் ஒப்பமிடுகிறார், மூடி வைக்கிறார்கள். அடுத்த வாரம் வேறொன்று. போன வாரம் எழுதியதைத் திறந்து மாற்ற வேண்டிய அவசியம் பதினைந்து வாரத்தில் ஒருமுறைகூட வருவதில்லை. ஒருமுறை எழுதி மூடிவிடும் நிரலுக்குக் கிளாஸும் வேண்டாம், ஆப்ஜெக்டும் வேண்டாம். வரிசையாக எழுதிக்கொண்டு போனால் போதும், அதுவே சுருக்கமாகவும் இருக்கும். புத்தியுள்ள பிள்ளைக்கு இது தெரிந்துவிடுகிறது. ‘எதுக்கு தாத்தா இவ்வளவு சுத்தி வளைக்கணும்’ என்று அவள் கேட்டது முட்டாள்தனமான கேள்வி அல்ல. மாற்றம் வரும்போதுதான் இந்த முறையின் அருமை தெரியும். மாற்றமே வராத பாடத்தில் அது வெறும் சடங்கு.

இது எங்கிருந்து வந்த முறை என்பதையும் பார்க்க வேண்டும். 1960-களில் நார்வே நாட்டு ஆஸ்லோ நகரத்தில் டால், நிகார்ட் என்ற இருவர் சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். நிஜ உலகத்தின் வரிசைகளையும் காத்திருப்புகளையும் கணினிக்குள் நடத்திப் பார்ப்பது அவர்கள் நோக்கம். உலகத்தில் உள்ள பொருளை முதலில் பார்த்தார்கள், அதற்கேற்ற மொழி பிறகு வந்தது. நம் பாடத்தில் மொழி முதலில் வருகிறது, பொருள் கடைசிவரை வருவதே இல்லை.

நான் புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வருபவர்களுக்குத் தெரியும். அங்கே சின்ன வகுப்பில் ‘லெஸோன் தெ ஷோஸ்’ என்று ஒரு பாடவேளை உண்டு. சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னால் ‘பொருட்களைப் பற்றிய பாடம்’. வாத்தியார் ஒரு உப்புக்கட்டியையோ தேங்காயையோ மேசையில் வைப்பார். தொட்டுப் பார், எடையைப் பார், தண்ணீரில் போட்டுப் பார். என்ன செய்கிறது, எதற்கு உதவும், எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் கரும்பலகையில் வரையறை வரும். அறுபத்தைந்து வருடம் கழித்து ஒரு பொறியியல் பாடத்தின் பெயரிலேயே ‘பொருள்’ என்று இருக்கிறது, மேசையில் மட்டும் ஒன்றும் இல்லை.

பெர்ட்ரான்ட் மெயர் என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கல்லூரியில் செய்து காட்டினார். எஃபெல் கோபுரத்தைக் கட்டியவரின் பெயரையே வைத்து 1980-களில் ஒரு கணினி மொழியை உருவாக்கியவர். சுவிட்சர்லாந்தில் ஸூரிக் தொழில்நுட்பக் கழகத்தில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். அந்தப் பாடத்துக்காக அவர் எழுதிய நூல் 2009-இல் வந்தது. அதில் முதல் நிரலிலேயே பாரிஸ் நகரத்தின் வரைபடம் திரையில் வருகிறது, லூவ்ரு அருங்காட்சியகம் ஒளிர்கிறது, மெட்ரோ ரயிலின் ஒரு தடம் பளிச்சிடுகிறது. பிள்ளை எழுதுவது நாலைந்து வரிதான். மற்றதெல்லாம் வாத்தியார் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தது. முதலில் பயன்படுத்து, பிறகு திறந்து பார், கடைசியில் நீயே எழுது என்பது அவர் முறை. ஒரு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவனும் அப்படித்தான் வேலை படிக்கிறான். முதல் நாளே யாரும் அவனிடம் விதிமுறைப் புத்தகத்தை எழுதச் சொல்வதில்லை.

நம் ஊரில் பாரிஸ் வேண்டாம், சம்பளப் பட்டியலே போதும். பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது, யாரிடமும் புதிதாக அனுமதி கேட்க வேண்டாம். அந்த ஒரே நிரலைப் பதினைந்து வாரமும் வைத்து ஓட்டுங்கள் என்கிறேன். முதல் இரண்டு வாரம் வாத்தியார் எழுதிய, ஓடுகிற நிரலைப் பிள்ளைகள் பயன்படுத்தட்டும். பத்து ஊழியர்களை உண்டாக்கி, ஒவ்வொருவரையும் சம்பளம் கேட்கட்டும். பிறகு உள்ளே திறந்து பார்க்கட்டும். ஒருவருடைய அடிப்படைச் சம்பளத்தை வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் மாற்ற முடிகிறதா என்று சோதிக்கட்டும். முடிந்தால் அது ஆபத்து. பணிப்பதிவேட்டில் கண்டவன் பேனா வைக்கக் கூடாது என்கிற விதியைத்தான் பாடநூல் ‘உறைபொதியாக்கம்’ என்று வாயில் நுழையாத பெயரில் சொல்கிறது.

ஆறாவது வாரத்தில் அரசாணை வர வேண்டும். அகவிலைப்படி மாறுகிறது, முந்தைய மாதங்களுக்கு நிலுவையும் உண்டு. யாருக்கும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. நமக்கு யார் சொன்னார்கள்? அன்றைக்குத் தெரியும், யார் எண்ணை ஓரிடத்தில் வைத்தார்கள், யார் நாற்பது இடத்தில் தெளித்தார்கள் என்று.

அதன்பின் ஓய்வூதியர்களும் குடும்ப ஓய்வூதியர்களும் பட்டியலில் சேரட்டும். கிளாஸ் கிளைப்பதற்கு உண்மையான தேவை இங்கேதான் வருகிறது, ஏனென்றால் கணக்கே வேறு. பணியில் இருப்பவருக்கு வீட்டு வாடகைப்படி உண்டு, ஓய்வூதியருக்கு இல்லை. குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ‘இந்த மாதம் உனக்கு எவ்வளவு’ என்று கருவூலம் எல்லோரையும் ஒரே மாதிரி கேட்கும். அவரவர் தன் விதிப்படி கணக்குப் போட்டுச் சொல்வார். ‘பல்லுருவாக்கம்’ என்று அவர்கள் மனப்பாடம் செய்வது இதைத்தான். பத்தாவது வாரம் பதவி உயர்வு ஆணை, பன்னிரண்டில் கூடுதல் பொறுப்பு. அதுவரை பதவிக்கொரு கிளாஸ் வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். கட்டட்டும். அந்த ஒரு வார வேதனையைப் பதினைந்து நிரல் எழுதினாலும் வேறு வழியில் கொடுக்க முடியாது.

எனக்குத் தெரிந்த விரிவுரையாளர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். “அண்ணாச்சி, வகுப்பில் அறுபது பேர். வெளித்தேர்வாளர் வந்து பட்டியலில் உள்ள பயிற்சியைத்தான் கேட்பார். ஜாவாஎஃப்எக்ஸை விட்டால் ஐந்தாவது அலகில் 13 மதிப்பெண் கேள்வி போய்விடும், பிள்ளைகள் என்னைச் சும்மா விடுவார்களா?” என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அறுபது பேர் என்பது தடையா? அறுபது பேர் அறுபது விதமாகத் திருத்தி, யாருக்குக் குறைந்த இடத்தில் கை வைக்க வேண்டி வந்தது என்று ஒப்பிடுவதற்கு அறுபது பேர் இருப்பது நல்லதுதான். வெளித்தேர்வாளரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஒழுங்குமுறைப்படி ஆய்வகப் பாடத்தில் 60 மதிப்பெண் கல்லூரியின் கையில் இருக்கிறது, வெளித்தேர்வுக்கு 40-தான். அந்த 60-ஐ ரெக்கார்டு நோட்டின் கையெழுத்துக்குப் போடுகிறார்களா, பிள்ளை திருத்திய நிரலுக்குப் போடுகிறார்களா என்பதைத் தீர்மானிக்கப் பல்கலைக்கழகத்தின் அனுமதி வேண்டியதில்லை.

கம்பெனிக்காரர்கள் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் தொட்டுக் காட்ட வேண்டும் என்பது இன்னொரு வாதம். வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளிடம் விசாரித்துப் பாருங்கள். முதல் வருடம் யாரும் அவர்களைப் புது நிரல் எழுதச் சொல்வதில்லை. வேறு யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போன நிரலைக் கொடுத்து, ‘இதில் இந்த ஒன்றை மட்டும் மாற்று, மற்றது எதுவும் கெடக்கூடாது’ என்கிறார்கள். நான்கு வருடப் படிப்பில் ஒருமுறைகூடச் செய்து பார்க்காத வேலை அது. முந்தைய குமாஸ்தாவின் இருக்கையை, அவர் விட்டுப்போன கோப்புகளோடு ஏற்றுக்கொண்டவர்களுக்கு இந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

இத்தனை எழுதிய பிறகு, தேர்வுக் கேள்வியையும் நானே எழுதித் தருகிறேன். ஆய்வகத் தேர்வு, 3 மணி நேரம்.

‘பதினைந்து வாரமாக நீங்கள் எழுதிவந்த சம்பள நிரலைத் திறக்கவும். ஜூலை முதல் தேதியிலிருந்து அகவிலைப்படி மூன்று சதவீதம் உயர்கிறது. நிலுவை தனிப் பட்டியலாக வர வேண்டும். ஒரு உதவிப் பேராசிரியர் ஜூலை பத்தாம் தேதி இணைப் பேராசிரியராகப் பதவி உயர்வு பெறுகிறார். அவரே ஆகஸ்ட் முழுவதும் விடுதிக் காப்பாளர் பொறுப்பையும் கூடுதலாகப் பார்த்தார். செப்டம்பர் கடைசியில் பேராசிரியர் ஒருவர் ஓய்வு பெறுகிறார். ஜூலை முதல் அக்டோபர் வரை நான்கு மாதப் பட்டியலையும் எடுக்கவும். எந்தெந்தக் கிளாஸில் எத்தனை வரி மாற்றினீர்கள் என்று தனித்தாளில் எழுதவும். வரி குறைய மதிப்பெண் கூடும்.’